தூரத்துச் சுவரில் துடிக்கும் போஸ்டர்

“வீடியோ கேமில் தூரத்துச் சுவரில் இருக்கும் போஸ்டர் கோடு கோடாக மினுக்குகிறது. பக்கத்தில் போனால் சரியாகிவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குதான் அப்படி.

திரை தட்டை. பொருள் பக்கவாட்டில் எவ்வளவு, உயரத்தில் எவ்வளவு என்பதை அதன் ஆழத்தால், அதாவது கேமராவிலிருந்து முன்னோக்கி அது இருக்கும் தூரத்தால், வகுத்தால் தொலைவில் உள்ளது சிறுத்துவிடும். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்களேதான். சரி, மரத்துக்குப் பின்னால் நிற்பவனை மறைப்பது யார்? ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் ஆழ எண்ணைக் கார்டு எழுதி வைத்திருக்கும். புதிதாக வருவது அதைவிட அருகில் என்றால் வரை, எண்ணை மாற்று, இல்லையென்றால் விட்டுவிடு. இதுதான் இசட்-பஃபர். 1974-இல் எட்வின் கேட்மல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வேட்டில் எழுதியது. நினைவகம் கொள்ளை விலை விற்ற காலத்தில் இது சுத்த ஊதாரித்தனம். “உடனே என்ன பயன்?” என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இப்படிச் சில காரணங்கள் உண்டு.

அழகே இனிமேல்தான். எழுதி வைப்பது ஆழத்தை அல்ல, அதன் தலைகீழியை (1-ஐ ஆழத்தால் வகுத்தால் வருவது) ஒட்டிய ஓர் எண்ணை. நேரான ரோடு ஒன்று 2 மீட்டரில் தொடங்கி 100 மீட்டரில் முடிகிறது. திரையில் அதன் நடுப்புள்ளி எத்தனை மீட்டரில்? 51 அல்ல, 4-க்கும் சற்றுக் குறைவு! ½, 1/100 இரண்டுக்கும் சராசரி எடுத்துத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அதே புள்ளி வரும். தலைகீழி திரையில் சீராக நகர்கிறது. பிக்சலுக்குப் பிக்சல் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் போதும்.

இதற்கு விலை உண்டு. அந்த எண்ணுக்கு 24 பிட் ஒதுக்கினால் 1,67,77,216 படிகள். 10 செ.மீ. முதல் 1,000 மீட்டர் வரை காட்ட வேண்டுமென்றால், பாதிப் படிகள் 20 செ.மீ.க்குள்ளேயே தீர்ந்துவிடும். முதல் மீட்டருக்குள் 90 சதவீதம் காலி. மிச்சத்தை 999 மீட்டரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் தூரத்துச் சுவருக்கும் போஸ்டருக்கும் ஒரே எண் விழுகிறது. கேமரா அசைய அசைய, எண்ணை அருகிலுள்ள படிக்கு முழுமையாக்கும்போது ஒரு பிக்சலில் இது ஜெயிக்கும், அடுத்ததில் அது.

கடைசி எல்லையை, அதாவது அந்த 1,000 மீட்டரை, குறைத்துப் பெரிதாகப் பயனில்லை. முன் எல்லையை 10 செ.மீ.யிலிருந்து 50 செ.மீ.க்குத் தள்ளினால் தொலைவில் துல்லியம் சுமார் ஐந்து மடங்கு. இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: அருகில் 1, தொலைவில் 0 என்று தலைகீழாக்கி, மிதவைப் புள்ளி எண்ணாக (புள்ளியின் இடம் நகரக்கூடிய எண்) சேமிப்பது. அந்த எண்கள் 0-க்கு அருகேதான் நெருக்கமாக இருக்கும். தொலைவில் தலைகீழி கைவிட்டதை இது தாங்கிப் பிடிக்கிறது, போஸ்டரும் சுவரில் ஒட்டிக்கொள்கிறது.