குலுக்கலில் விழுந்த ஸ்கூட்டரும் 27,000 ரூபாய் வரியும்

பாளையங்கோட்டையில் என் அலுவலகத்துக்கு மூன்று படி ஏற வேண்டும். சாய்தளம் போடாதது என் தப்பு. சக்கர நாற்காலியில் யாராவது வந்தால் நானே கீழே இறங்கிப் போய்விடுவேன். போன தீபாவளி கழிந்து அப்படி இறங்கியபோது, ஒரு தம்பி சட்டைப்பையிலிருந்து ஜவுளிக்கடைக் கூப்பனை எடுத்து நீட்டினார். குலுக்கலில் ஸ்கூட்டர். விலை 90,000 ரூபாய். தசைச்சிதைவு நோயுள்ள அவருக்கு, அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் தவிர வேறு வருமானம் இல்லை.

“27,000 ரூவா கட்டுனாத்தான் சாவி தருவோம்னு சொல்லுதாவ சார். உதவித்தொகை வாங்குதவனுக்கு எதுக்கு வரி? தங்கச்சி காலேஜுக்குப் போவ ஆவும்னு பாத்தேன்.”

கடைக்காரர் சொன்னது சரிதான். பரிசுப் பணத்துக்கு வரி தனிக்கணக்கு. வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் 30 சதவீதம். வருமான வரிக் கணக்கு (ரிட்டர்ன்) போடும்போது அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் தீர்வையும் சேரும். பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். ஸ்கூட்டரில் 30 சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாதே! அதனால் வரியை வாங்கிக்கொண்டுதான் வண்டியை விட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 75,000 ரூபாய் கழிவும், கடுமையான குறைபாட்டுக்கான 1,25,000 ரூபாய் கழிவும் சம்பளம், வட்டி போன்றவற்றுக்குத்தான் உதவும், அதுவும் வருமான வரியின் பழைய, புதிய என்ற இரு முறைகளில் பழைய முறையில் மட்டும். பரிசில் அவற்றைக் கழிக்க முடியாது.

சரி, கட்டியதெல்லாம் போனதுதானா? இல்லை. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய முறையில் மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 12,500 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. பரிசு வரிக்கும் அது பொருந்தும். 27,000-இல் 12,500 போனால் 14,500. செஸ் 580 சேர்த்து 15,080. ஆக, தம்பிக்கு 11,920 ரூபாய் ரீஃபண்ட். புதிய முறையில் 2025-26 முதல் பரிசு வரிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. ரிட்டர்னில் நாமாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான். ரிட்டர்ன் போடும் கெடு தேதி தாண்டினால் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. தொழில் வருமானம் உள்ளவர்கள் அதற்கென்று தனிப் படிவமும் தர வேண்டும்.

பணம் கட்டும்போதே பான் எண்ணைக் கொடுத்து, பிறகு வரி கட்டியதற்கான 16ஏ சான்றிதழைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பான் எண்ணில் அந்த வரி ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் அறிக்கையில் பாருங்கள். ஏறாவிட்டால் ரீஃபண்டுக்கு அலைய வேண்டியதுதான்.

அப்புறம் இன்னொன்று. “25 லட்சம் விழுந்திருக்கு, முதல்ல வரியை அனுப்புங்க” என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தால் நம்பாதீர்கள். உண்மையான பணப் பரிசில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். உங்களிடம் முன்பணம் கேட்க மாட்டார்கள். தெரியாமல் அனுப்பிவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள்.