புதுப் படகுக்கு எஞ்சின் வாங்கும் முன் பின்பலகையை அளந்தீர்களா?

போன ஆனி மாதம் மண்டபத்தில் என் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். புது ஃபைபர் படகு, 28 அடி. வெளியூர்க் கடை ஒன்றில் தள்ளுபடி விலையில் வாங்கிய புது எஞ்சின். "அண்ணே, எஞ்சின் அலறுகிறது, படகு நகர மாட்டேன் என்கிறது" என்றார். ஸ்பேனர் பையைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு, ஓர் அளவு நாடாவை மட்டும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். படகின் பின்பலகை உயரம் 20 அங்குலம். எஞ்சினின் தண்டு 15 அங்குலம். சிறிய அலை வந்தாலும் விசிறி பாதி நேரம் காற்றைத்தான் கடைந்துகொண்டிருந்தது.

"குதிரைத்திறன் எவ்வளவு வேண்டும் என்று மட்டும்தான் கடைக்காரர் கேட்டார் அண்ணே" என்றார் தம்பி. பின்பலகை உயரத்தை அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அவுட்போர்டு எஞ்சின்கள் பொதுவாக 15, 20, 25 அங்குலத் தண்டு நீளத்தில் வருகின்றன. எஞ்சின் மாட்டும் இடத்தில் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை நேர்கோட்டில் அளந்தால் உங்களுக்கு எது என்று தெரிந்துவிடும். மாட்டிய பிறகு, விசிறிக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் விசிறி காற்றைப் பிடிக்கும். மிகவும் இறங்கினால் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஓடும், எரிபொருள் தின்னும், தரையையும் தட்டும். பலகையை ஐந்து அங்குலம் வெட்டி இறக்கித் தரும்படி தம்பி கேட்டார். மறுத்துவிட்டேன். பின்னாலிருந்து வரும் அலை ஏறிவிடாமல் தடுப்பதே அந்த ஐந்து அங்குலம்தான்.

இருபது வருடங்களுக்கு மேலாக இந்த வேலையைப் பார்க்கிறேன். எஞ்சினுக்கும் மீன் காட்டும் திரைக்கும் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அளவு நாடாவிலும் வயரிலும் ஃப்யூசிலும் கோட்டை விடுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

எஞ்சின் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, தொழில் எந்தக் கடலில் என்று. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டு கடல். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் வடக்கு, ராமேசுவரம் என்று வடகடல். பாம்பன் தெற்குவாடி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தென்கடல். வடகடல் பாக் நீரிணைக்குத் தெற்கே தட்டையாகக் கிடக்கும் விரிகுடா. பெரும்பகுதி எட்டுப் பாகத்துக்குள்தான் (பாகம் என்பது ஆறடி) ஆழம். சேறும் கடற்புல்லும் நிறைந்த தரை. தென்கடல் மன்னார் வளைகுடா. அதில் தீவுகளைத் தாண்டினால் ஆழம் சரியும். பார்கள் என்னும் கடலடித் திட்டுகளும் பவளப்பாறையும் கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கினால் கதை தலைகீழ். காற்றுக்கு ஏற்பக் கடல் மாறித் தொழில் செய்கிறவர்கள், எந்தக் கடல் கடினமோ அதை மனதில் வைத்து எஞ்சின் வாங்க வேண்டும்.

குதிரைத்திறன் விஷயத்தில் ஒரு கணக்கு சொல்கிறேன். சுமை ஏற்றிய கனமான வல்லம், தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் வகை. அதன் இயல்பான உச்ச வேகத்தை அதன் நீளம்தான் தீர்மானிக்கிறது. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். 25 அடி என்றால் வர்க்கமூலம் 5, மணிக்கு 6.7 கடல்மைல். வெறும் படகாக, லேசான ஃபைபராக இருந்தால் இதைத் தாண்டி எழும்பி ஓடலாம். ஐஸும் வலையும் நான்கு ஆளும் ஏறிய பிறகு, எஞ்சினை இரட்டிப்பாக்கினாலும் பின்பக்கம் அமுங்கும், அணியம் தூக்கும், பெட்ரோல் கரையும், வேகம் மட்டும் கொஞ்சமே கூடும். பக்கத்து வீட்டுக்காரர் 40 குதிரை வாங்கினார் என்பதற்காக வாங்குகிறவர்களை நான் தடுத்துப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் குறைவு.

விசிறியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. பெட்டியில் வந்த விசிறியையே மாட்டிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் அது லேசான படகுக்கானது. விசிறியில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று விட்டம், மற்றது பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம். முழு சுமையோடு முழு வேகத்தில் ஓடும்போது எஞ்சினின் சுற்று, கையேட்டில் சொன்ன எல்லைக்குள் வர வேண்டும். 5,000 முதல் 6,000 என்று போட்டிருந்து 4,400தான் வருகிறது என்றால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. அதை நாள் முழுக்க அப்படி ஓட்டினால் பிஸ்டன் சீக்கிரம் போய்விடும். பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 200 சுற்று கூடும். எஞ்சினை மாற்றாமல் விசிறியை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்யலாம்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று சண்டையே நடக்கிறது. டூ ஸ்ட்ரோக் லேசு, கரையிலேயே பிரித்து மாட்டலாம், எரிபொருள் அதிகம் குடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எரிபொருள் மிச்சம், விலையும் பராமரிப்பும் அதிகம். தினமும் தூரம் ஓடுகிறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக், கரையோரம் வலை விட்டு வருகிறவருக்கு டூ ஸ்ட்ரோக் என்பது என் கணக்கு. டூ ஸ்ட்ரோக் வாங்குகிறவர் பைக்குக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றாதீர்கள். அது காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று இருக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடும் தொழில் படகுக்கு அந்த நூறு இருபதே நாளில் வந்துவிடும். "ஆறு மாதம் ஆகவில்லையே" என்று சொல்லி வருகிறவரிடம் நான் என்ன சொல்ல?

வடகடல்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வற்றுநீரில் எஞ்சினைப் பாதி தூக்கிவிட்டுச் சேற்றைக் கலக்கிக்கொண்டு கரைக்கு வருகிறீர்கள். அந்தச் சேற்றுத் தண்ணீர்தான் எஞ்சினைக் குளிரவைக்க உள்ளே போகிறது. பம்புக்குள் இருக்கும் ரப்பர் இறக்கைகளை மணல் அரித்துவிடும். கடற்புல் உறிஞ்சுதுளையை அடைத்துவிடும். எஞ்சினின் பக்கத்துத் துளையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த ரப்பரை வருடம் ஒருமுறை மாற்றும்படி சொல்வார்கள். வடகடலில் நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள். அடியில் இருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். பல எஞ்சின் நிறுவனங்கள் 10 சதவீத எத்தனால் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. ஆகவே கையேட்டைப் பார்த்து வாங்குங்கள், டாங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள், டாங்கில் வாரக்கணக்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள்.

இனி கருவிகள். "பெரிய திரையாகக் கொடுங்கள்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள்.

ஃபிஷ் ஃபைண்டர் அடியில் கூம்பு வடிவில் ஒலியை அனுப்புகிறது. 20 டிகிரி கூம்பு என்றால், 10 மீட்டர் ஆழத்தில் அது பார்க்கும் வட்டம் மூன்றரை மீட்டர்தான். படகின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. வடகடலின் ஆழத்தில் படகுச் சத்தத்துக்கு மீன் விலகிப்போன பிறகு அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கும்? அங்கே அந்தக் கருவியின் உபயோகம் தரையைப் படிப்பது: கெட்டித் தரை அகலமான பட்டையாகத் தெரியும், சில சமயம் கீழே இரண்டாவது எதிரொலியும் வரும், சேறு மெலிந்து மங்கும். அதற்குச் சிறிய திரையும் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியும் தாராளம். தென்கடலில் பாரின் சரிவில் ஊளி மீனும் பாறை மீனும் தேடுகிறவருக்குத்தான் 50 கிலோஹெர்ட்ஸும் சேர்ந்த நல்ல கருவி காசுக்கு மதிப்பு. ஒலியை அனுப்பி வாங்கும் அடிக்கண்ணை விசிறியிலிருந்து ஒன்றேகால் அடியாவது தள்ளி மாட்டுங்கள். நுரை பட்டால் எதுவும் தெரியாது.

வடகடலில் நான் ஜிபிஎஸ்ஸைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். நம் அப்பாமார்கள் கோபுரத்தையும் பாம்பன் கலங்கரை விளக்கத்தையும் கோட்டில் வைத்து இடம் பிடித்தார்கள். பிறகு 323 மீட்டர் உயரத்தில் ராமேசுவரம் டி.வி. கோபுரம் வந்து அவர்கள் வேலையைச் சுலபமாக்கியது. இப்போது எல்லாம் எண்கள். எண்களில்தான் வில்லங்கம்.

மண்டபம் வடக்கில் ஒரு சம்மாட்டியின் (படகு முதலாளியின்) நண்டு வலை இரண்டு நாள் கிடைக்கவில்லை. வலையை விட்டவர் அவர் மச்சான். தன் கருவியில் 9 டிகிரி 24.50 நிமிடம் என்று இருந்ததைத் துண்டுச்சீட்டில் "9 24 50" என்று எழுதிக் கொடுத்தார். சம்மாட்டியின் கருவி டிகிரி, நிமிடம், விநாடி என்று வைக்கப்பட்டிருந்தது. அதில் 24 நிமிடம் 50 விநாடி என்று ஏற்றினார். 24.50 நிமிடம் என்றால் 24 நிமிடம் 30 விநாடி. வித்தியாசம் 20 விநாடி. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல்மைல், 1,852 மீட்டர். ஆக வலை 600 மீட்டருக்கும் மேல் தள்ளிக் கிடந்தது. மாமனும் மச்சானும் பேசிக்கொள்ளாமல் இருந்த அந்த இரண்டு நாளில் நான்தான் தூது. படகில் எத்தனை கருவி இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே எழுத்துமுறையில் வையுங்கள். உறவுக்காரர் படகிலும் அதையே வையுங்கள். புள்ளியைச் சீட்டில் எழுதும்போது நிமிடமா விநாடியா என்று சேர்த்து எழுதுங்கள்.

வலை தொலைந்தால் வலை. எல்லைக்கோட்டில் இதே தவறு நடந்தால்? 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியா, இலங்கை கடல் எல்லை இப்படிப்பட்ட புள்ளிகளால்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கடையில் ஏற்றித் தந்த கோட்டை நம்பாமல், மீன்வளத் துறை அலுவலகத்தில் புள்ளிகளை வாங்கி நீங்களே சரிபாருங்கள். எல்லைக்கு இரண்டு கடல்மைல் முன்பே அலாரம் அடிக்கும்படி வையுங்கள். வலை விட்டுத் தூங்கும் நேரத்தில் நீரோட்டம் படகைக் கொண்டுபோய்விடும். இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் அரசுத் திட்டத்தில் தரப்படும் டிரான்ஸ்பாண்டரும் எல்லை எச்சரிக்கை தருகிறது, ஆபத்தில் செய்தி அனுப்புகிறது. கிடைத்தவர்கள் அதை அட்டைப்பெட்டியோடு வீட்டு அலமாரியில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கைபேசியை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டத்தவர்களுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஒரு வி.எச்.எஃப். வயர்லெஸ் வாங்குங்கள், உரிமம் பற்றி மீன்வளத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலைத் திறந்தே வையுங்கள். வாட் அதிகம் என்று கூடுதல் பணம் கொடுக்கும் முன் ஏரியலை உயர்த்துங்கள். 4 அடியில் இருப்பதை 16 அடிக்கு ஏற்றினால் அடிவானம் உங்களுக்கு இரண்டு மடங்கு தள்ளிப்போகும். கடலோரக் காவல்படையின் 1554 எண் வேலை செய்வது கைபேசிக்கு சிக்னல் இருக்கும்வரைதான்.

கடைசியாக, எல்லோரும் அலட்சியப்படுத்தும் வயர். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய எஞ்சின்களில் சிலவற்றில் பேட்டரிக்கு சார்ஜ் தரும் காயிலே இருக்காது. சிலவற்றில் விளக்குக்கான காயில் மட்டும் இருக்கும். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் இல்லாமல் அதை நேரே பேட்டரியில் கொடுத்தால் பேட்டரியும் போகும், திரையும் போகும். இப்படி இணைத்துக் கொடுத்த ஒரு கடையின் புண்ணியத்தால், மூன்றே வாரமான ஒரு கருவியைக் கருகிய வாசனையோடு என் மேசையில் பார்த்தேன். வாங்கும்போதே கேளுங்கள். சார்ஜ் இல்லை என்றால் சோலார் தகடு. பேட்டரி அளவுக்கு எளிய கணக்கு: எல்லாக் கருவியும் விளக்கும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால், 10 மணி நேரம், ஆக 20 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது, ஆகவே 40 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டு வயரைப் படகில் போட்டால் ஒரு வாடைக் காலத்தில் செம்பு பச்சை பூத்து உள்ளுக்குள்ளேயே கறுத்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கொஞ்சம் விலை அதிகம், ஆனால் அதைத்தான் போட வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ்.

மானியத்தில் எஞ்சின் வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே மீன்வளத் துறையில் விதிமுறைகளைக் கேட்டுவிடுங்கள். பில்லில் எஞ்சின் எண்ணும் உங்கள் பெயரும் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். முடிந்தால் மீதிப் பணத்தை, ஐஸ், வலை, ஆட்கள் என்று முழு சுமையோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

அந்தத் தம்பியின் 15 அங்குல எஞ்சினைக் கடை திரும்ப எடுக்கவில்லை. ஒரு மாதம் என் பட்டறையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. பிறகு தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் தன் சிறிய படகுக்காக வந்தார், எட்டாயிரம் ரூபாய் குறைத்துப் பேசினார். நான் விலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் மடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். பின்பலகை உயரத்துக்கு அதில் ஒரு முடிச்சு போட்டிருந்தார். எஞ்சின் தண்டோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணினார்.