கூட்டலா கழித்தலா என்று பிள்ளை கேட்டால்

"கணக்கெல்லாம் நல்லாத்தான் போடுறான் சார், வாக்கியமா குடுத்தா மட்டும் முழிக்கிறான்." திருவாரூர், மன்னார்குடி பக்கம் எந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தாலும் இந்தப் பேச்சு வராமல் போகாது. நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்கு அவர்கள் கேட்கும் மருந்து, அதாவது இன்னும் நாலு பக்கம் கூட்டல் கழித்தல் போடவைப்பது, பெரும்பாலும் பலிக்காது. பிள்ளை பென்சிலை எடுப்பதற்கு முன்னாலேயே தவறு நடந்து முடிந்துவிடுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். செல்வியிடம் 24 கோழிகள் உள்ளன. இது மாலாவிடம் உள்ளதைவிட 6 அதிகம். மாலாவிடம் எத்தனை கோழிகள்? சரியான விடை 18. ஆனால் ஐந்தாம் வகுப்பில் கேட்டால் 30 என்ற பதில்தான் முந்திக்கொண்டு வரும். 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிடுகிறார்கள். மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, தலா என்றால் வகு என்று நாம்தானே பட்டியல் போட்டுக் கொடுக்கிறோம்? அந்தப் பட்டியலைப் பிள்ளைகள் நம்புகிறார்கள். செல்வி யார், மாலா யார், யாரிடம் கூட இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. அமெரிக்காவில் ஹெகார்ட்டி, மேயர், மாங்க் என்ற மூவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் இப்படிப்பட்ட கணக்கைப் படிக்கும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்று கவனித்தார்கள். தவறு செய்தவர்களின் கண் எண்களையும் 'அதிகம்', 'குறைவு' போன்ற சொற்களையுமே சுற்றிச் சுற்றி வந்தது. சரியாகப் போட்டவர்கள், எதைப் பற்றிய கணக்கு என்று சொல்லும் பெயர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். பிரான்ஸில் கிரெனோபிள் ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கேப்டனின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் இருந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அவர்களை மக்கு என்று சொல்ல முடியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், எண் கொடுத்தால் அதை எதாவது செய்தாக வேண்டும் என்று பள்ளிக்கூடம் பழக்கியதைத்தான் செய்தார்கள்.

கதை வந்தாலே கணக்கு கடினமாகிவிடும் என்று நினைப்பதும் சரியில்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை நூனெஸும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து 1985-இல் எழுதினார்கள். கடையில் நின்றபடி போட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே போன்ற கணக்கை வாக்கியமாகத் தாளில் கொடுத்தபோது 74 சதவீதம். வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான்! அப்பாவின் பெட்டிக்கடையில் கல்லா பார்க்கும் பிள்ளை ஒன்றிரண்டு நம் வகுப்பிலும் இருக்கும், கவனித்துப் பாருங்கள். நடப்பது என்ன என்று தெரிந்துவிட்டால் கதை பிள்ளைக்குத் துணைதான்.

அதனால்தான் வகுத்தலில் மீதி வரும் கணக்குகளுக்கு நான் நெல்லைப் பிடித்துக்கொள்கிறேன். கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டைக்கு 40 கிலோ பிடிப்பார்கள் என்பது இங்கே எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். களத்தில் 1,030 கிலோ நெல் கிடக்கிறது. முழு மூட்டை எத்தனை தைக்கலாம்? 25. எல்லா நெல்லையும் கட்ட எத்தனை சாக்கு வேண்டும்? 26. கடைசிச் சாக்கில் எவ்வளவு நெல் இருக்கும்? 30 கிலோ. மூன்று கேள்விக்கும் போட்ட வகுத்தல் ஒன்றுதான், பதில் மூன்று. 'ஈவு 25, மீதி 30' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு நகரும் பிள்ளை இந்த இடத்தில் நின்றுவிடும். மீதியை என்ன செய்வது என்று களத்தை நினைத்துப் பார்த்தால்தான் தெரியும். எந்தப் பட்டியலும் அதைச் சொல்லித் தராது.

அப்புறம், படம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980-களிலிருந்து, ஒவ்வொரு அளவுக்கும் ஏற்ற நீளத்தில் ஒரு பட்டை வரைந்து கணக்குப் போடுவது பாடத்திலேயே இருக்கிறது. அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரு வேலி நிலம், அதாவது 20 மா (வேலி, மா இரண்டும் நம் பக்கத்து நில அளவுகள்). தம்பியைவிட அண்ணனுக்கு 4 மா கூடுதல். யாருக்கு எவ்வளவு? பல பிள்ளைகள் 20-ஐப் பாதியாக்கி, அண்ணனுக்கு 10-உடன் 4 சேர்த்து 14, தம்பிக்கு 10 என்பார்கள். கூட்டிப் பார்த்தால் 24 மா, இல்லாத நிலம் 4 மா வந்துவிட்டது. இரண்டு பட்டை வரையச் சொல்லுங்கள். அண்ணன் பட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் 4 மாவைக் கையால் மறைத்தால் மிச்சம் 16, இரண்டும் சமம். தம்பிக்கு 8, அண்ணனுக்கு 12. பட்டை அழகாக இருக்க வேண்டியதில்லை. வரைவதற்கு, யாருக்குக் கூட என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும், அதுதான் அதன் பயன்.

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியது பெரிய வேலை இல்லை. "இது கூட்டலா, கழித்தலா?" என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்லிவிடாதீர்கள். எண்களை விரலால் மறைத்துக்கொண்டு, "என்ன நடந்துச்சு, உன் பேச்சுல சொல்லு" என்று கேளுங்கள். செல்விகிட்ட கோழி இருக்கு, மாலாகிட்ட அதைவிடக் கம்மி என்று அது சொல்லிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. இன்னொரு நாள் திருப்பிக் கேளுங்கள்: 24-ஐ 6-ஆல் வகுக்கிற மாதிரி நீயே ஒரு கதை சொல்லு. இதில் திணறினால் வகுத்தலின் பொருளே இன்னும் பிடிபடவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

எங்கே தடுமாற்றம் என்று தெரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவின் ஆன் நியூமன் 1970-களில் வகுத்த வரிசை இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது. கேள்வியை வாசி, என்ன கேட்கிறது சொல், எப்படிப் போடப் போகிறாய், போட்டுக் காட்டு, பதிலை எழுது. எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அங்கேதான் வேலை. முதல் படியிலேயே எழுத்துக் கூட்டிப் படித்து மூச்சு வாங்கினால், கேள்வியை நீங்களே ஒருமுறை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். உடனே விடை வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழ் வாசிக்கச் சொல்லுங்கள்.