சிங்க்ரனைஸ்: ஒத்திசைவா, ஒத்தியக்கமா?

கிரேக்கத்தில் 'சுன்' என்றால் உடன். 'கிரோனோஸ்' என்றால் காலம். இவ்விரண்டும் சேர்ந்த சொல்தான் ஆங்கிலத்தின் வழியாக 'சிங்க்ரனைஸ்' என்று நம்மிடம் வந்திருக்கிறது. நேராகப் பெயர்த்தால் 'சமகாலம்' என்றாகும். ஆனால் அந்தச் சொல்லை இலக்கியக்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே மின்னணுவியல் எழுதுகிறவர்கள் பலர் 'ஒத்திசைவு' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது என்பது என் கருத்து.

காரணம் நாதசுரக் கச்சேரியிலேயே இருக்கிறது. ஒத்து என்னும் கருவி ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் ('ஒத்து ஊதுகிறான்' என்ற ஏச்சு பிறந்த இடமும் அதுதான்). இசைவதற்கு அது போதும். காலத்தைக் காட்டவோ தாளம் போடுகிறவர் தனியாக வேண்டும். இரண்டு அலைகளின் அதிர்வெண் ஒன்றாயிருப்பது சுருதி சேர்வதைப் போன்றது. அவை ஒரே கணத்தில் எழுந்து ஒரே கணத்தில் விழுவது தாளம் சேர்வதைப் போன்றது. சிங்க்ரனைஸ் என்பது இரண்டாவது.

ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு மின்னணுப் பலகையிலுள்ள ஏடிமெகா328பி சில்லில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். கடிகாரத் துடிப்பை வகுத்துக் கொடுக்கும் பிரீஸ்கேலரை, அத்துடிப்புகளை எண்ணும் டைமர்1, டைமர்2 என்னும் எண்ணிகள் இரண்டுக்கும் 64 என்று வைத்தால், ஓர் எண்ணிக்கைக்கு 4 மைக்ரோவினாடி ஆகும். குறித்த எண்ணை எட்டியதும் எண்ணி சுழியத்துக்குத் திரும்பும் சிடிசி முறையில், அந்த எண்ணை வைத்திருக்கும் ஒப்பீட்டுப் பதிவகத்தில் 124 என்று எழுதினால், சுழியத்தையும் சேர்த்து 125 எண்ணிக்கைக்கு, அதாவது 500 மைக்ரோவினாடிக்கு ஒரு முறை முனையின் நிலை மாறி, 9-ஆம் முனையிலும் 11-ஆம் முனையிலும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கிடைக்கும். இங்கே சதுரம் என்பது உயரமும் அகலமும் சமம் என்பதன்று. மேலே நிற்கும் நேரமும் கீழே நிற்கும் நேரமும் சமம் என்பது.

கடிகாரம் ஒன்றே என்பதால் இரண்டின் அதிர்வெண்ணும் இம்மியும் வேறுபடாது. ஆனால் அலைக்காட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஏற்றங்கள் ஒரே நேர்க்கோட்டில் நில்லாமல் சிறிது விலகி, அந்த விலகல் மாறாமலே நிற்பதைக் காணலாம். நிரலில் டைமர்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தொடங்க முடிகிறது. போதாததற்கு டைமர்2-இன் பிரீஸ்கேலர் தனி. ஒத்திசைவு இருக்கிறது, ஒத்தியக்கம் இல்லை.

இரண்டையும் சேர்த்துத் தொடங்குவதற்கென்றே ஜிடிசிசிஆர் என்னும் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் டிஎஸ்எம் என்றொரு பிட் உண்டு. அதையும் இரண்டு பிரீஸ்கேலர்களின் மீட்டமைப்புப் பிட்டுகளையும் 1 ஆக்கினால் பிரீஸ்கேலர்கள் நின்றுவிடும். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் எழுதி, எண்ணிகளைச் சுழியமாக்கி, பிறகு டிஎஸ்எம்மைச் சுழியமாக்கினால் இரண்டும் ஒரே துடிப்பில் புறப்படும். சுழியத்துக்குப் பதிலாக ஓர் எண்ணியில் மட்டும் 25 என்று எழுதி வைத்தால், அந்த அலை மற்றதைவிட 100 மைக்ரோவினாடி முந்தி நடக்கும். பாட்டைத் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் எடுக்காமல் இடம் மாற்றி எடுப்பதைப் போன்றது இது. பாடநூல்கள் 'கட்டம்' என்று எழுதுவதைப் பாட்டுக்காரர்கள் 'எடுப்பு' என்பார்கள்.

'ஒத்தியக்கம்' என்பதை நான் விரும்புவதற்கு இலக்கணக் காரணமும் உண்டு. தாமாகச் சேர்ந்து நடப்பவை ஒத்தியங்கும். நாம் சேர்த்து நடத்தினால் ஒத்தியக்குகிறோம். எதிர்மறையும் எளிது: டைமர்2, 32,768 ஹெர்ட்ஸ் படிகம் ஒன்றைக் கொண்டு தனிக் கணக்கில் ஓடக்கூடியது, அப்படி ஓடும்போது அது ஒத்தியங்கா டைமர்.