சளிக்குள் ஒரு நெருப்பு

நெஞ்சில் கட்டும் சளிக்கு ஆங்கிலத்தில் 'ஃபிளெம்' என்று பெயர். எழுதும்போது நடுவில் ஒரு 'ஜி' போடுவார்கள். சொல்லும்போது அது வாயில் வராது. ஆனால் அதே சொல்லிலிருந்து கிளைத்த 'ஃபிளெக்மாட்டிக்'கில் அந்த எழுத்து நன்றாகவே ஒலிக்கும். எதற்கும் பதறாத, சட்டென்று கோபப்படாத ஆளை அப்படிச் சொல்வார்கள்.

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லில் 'ஜி' கிடையாது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில், கிரேக்கம் படித்தவர்கள் மூலத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்தினார்கள். உச்சரிப்பு மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

அந்த மூலச் சொல் 'ஃபிளெக்மா'. எரிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. ஹோமரின் இலியட்டில் அதற்குத் தீ என்றே பொருள். ஃபிளாக்ஸ் என்ற பூவின் பெயரும் இதே குடும்பம்தான். கிரேக்கத்தில் அதற்குச் சுடர் என்று அர்த்தம்.

சரி, தீ எப்படிச் சளியானது? உடம்பில் ஓரிடம் சிவந்து, வீங்கி, சுடுவதையும் கிரேக்க மருத்துவர்கள் ஃபிளெக்மா என்றார்கள். தமிழில் நாமும் இதை அழற்சி என்கிறோம். அதற்குள் இருப்பதும் அழல், அதாவது நெருப்பு. அந்தச் சூட்டால் உண்டாகும் கசிவுக்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு பெரிய முரண் வந்து சேர்ந்தது. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் உடம்பை ஆள்வதாகச் சொன்ன கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் மரபு நூல், சளியையே மிகக் குளிர்ந்தது என்கிறது. தொட்டுப் பாருங்கள், ரத்தத்தையும் பித்தத்தையும்விடச் சில்லென்று இருக்கும் என்கிறது. குளிர்காலத்தில் மக்கள் அதிகம் துப்புவதையும் சிந்துவதையும் சாட்சிக்கு அழைக்கிறது. பதறாத ஆளுக்கு அந்தப் பெயர் வந்ததும் இந்தக் குளிர்ச்சியால்தான்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் புரோடிகஸ் என்ற அறிஞர் இதை ஏற்கவில்லை. எரிந்ததைத்தான் ஃபிளெக்மா எனலாம், மூக்கில் வருவதை 'பிளென்னா' என்று சொல்லுங்கள் என்றார். பிற்காலத்துக் கிரேக்க மருத்துவர் கேலன் இதைப் பதிவு செய்திருக்கிறார். சொல்லின் பொருளைக் காக்க ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஊர் வழக்கு மாறவில்லை.

சளி மூளையிலிருந்து வடிகிறது என்ற நம்பிக்கையும் நெடுங்காலம் இருந்தது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பெயரே சளிக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1660-களில் ஜெர்மனியின் விட்டன்பர்க்கைச் சேர்ந்த கொன்ராட் ஷ்னைடர், மூளையிலிருந்து மூக்குக்கு அப்படி வழியே இல்லை, மூக்கின் உள்சவ்வுதான் சுரக்கிறது என்று காட்டினார்.

இன்று இன்னும் நெருங்கிப் பார்க்க முடிகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கிண்ணம் போன்ற செல்கள் இருக்கின்றன. அவை வெளிவிடும் மியூசின் என்ற புரதம் நீரை உறிஞ்சி, ஊறவைத்த சப்ஜா விதைபோல உப்புகிறது. நுண்மயிர்கள் வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய அந்தப் படலத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. கிருமி தொற்றி அழற்சி வந்தால் சுரப்பு பெருகும். அப்போது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரண்டு வந்து, போராடி, சளிக்குள்ளேயே மடிகின்றன. அவற்றில் இரும்பு சேர்ந்த நொதி ஒன்று உண்டு. அதன் நிறம் பச்சை. கைக்குட்டையில் நாம் பார்க்கும் பச்சை அதுதான்.