படத்தின் முதுகில் ஒரு வானிலைக் குறிப்பு

1821 செப்டம்பர் 11. லண்டனுக்கு வடக்கே ஹாம்ப்ஸ்டெட் மேட்டில், காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையே, ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் ஒரு வானத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். படத்துக்கான குறிப்பில் தேதி, நேரத்தோடு இவையும் இருக்கின்றன: சூரியனுக்குக் கீழே பார்த்தது, வெள்ளிச் சாம்பல் மேகங்கள், புழுக்கம், மெல்லிய காற்று, தென்மேற்கு, பகல் முழுக்க வெயில், அன்றிரவு மழை. இரவு மழையைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்றால், தூரிகையைக் கழுவி வைத்த பிறகும் அவர் அந்த வானத்தை விடவில்லை.

'சூரியனுக்குக் கீழே' என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த சொல். மேகம் ஏன் வெள்ளிச் சாம்பலாகத் தெரிந்தது என்பதற்கு அதிலேயே விடை இருக்கிறது. மேகத் துளியின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அதன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதி திரும்பி வருவதில்லை, முன்னோக்கியே போகிறது. சூரியன் இருக்கும் பக்கம் பார்த்து நின்றால், மேகத்தின் மெல்லிய விளிம்பைக் கடந்துவரும் ஒளி நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது, விளிம்பு பளபளக்கிறது. தடித்த நடுப்பகுதியில் ஒளி துளிக்குத் துளி மோதி வேறு திசைகளில் வெளியேறிவிடுவதால் அங்கே சாம்பல் படிகிறது. சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் எல்லாம் தலைகீழ்: தடித்த பகுதி வெள்ளையாக ஒளிரும், விளிம்பு மங்கும். ஒரே படத்தில் இரண்டு விதமாகவும் மேகங்களை வரைந்தால், காரணம் தெரியாதவருக்கும் ஏதோ உறுத்தும்.

இன்னொன்று மேகத்தின் அடிப்பகுதி. பஞ்சுப்பொதி போல எல்லாப் பக்கமும் உருண்டையாக வரைவது பரவலான பழக்கம். வெயில் நாளில் குவியலாகத் திரளும் குமுலஸ் மேகத்துக்கு அடிப்பகுதி கிட்டத்தட்ட தட்டை. தரை சூடேறியதும் மேலெழும் காற்று, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 டிகிரி குளிர்கிறது. ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையான பனிப்புள்ளியை எட்டும் உயரத்தில் மேகம் பிறக்கிறது. தரையில் காற்றின் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் 8 டிகிரி வித்தியாசம் இருந்தால் அந்த உயரம் சுமார் 1,000 மீட்டர்; காற்று மேலேற ஏறப் பனிப்புள்ளியும் சற்றே இறங்குவதால் அது 800 மீட்டரோடு நிற்பதில்லை. ஒரு வட்டாரத்துக் காற்றில் ஈரம் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால், மேகங்களின் அடிகளும் ஒரே மட்டத்தில் அமைகின்றன.

அதனால் வானமும் ஒரு கூரைதான். தலைக்கு மேலே இருக்கும் மேகத்தின் அடிவயிறு தெரியும். தொலைவில் போகப் போக அது ஒடுங்கி வெறும் கோடாகும், மேகங்கள் சிறுத்து நெருங்கும். அடிவானத்து மேகம் இலேசாக மஞ்சளிப்பதும் தொலைவால்தான்: வரும் வழியில் காற்று அதன் ஒளியிலிருந்து நீலத்தைச் சிதறடித்துவிடுகிறது.

ஆங்கிலேய வானிலை ஆர்வலர் லூக் ஹோவர்ட் 1802-இல் மேகங்களுக்கு சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ் என்று பெயர் சூட்டியிருந்தார். மேகங்களை வகைப்படுத்திய நூல்களைக் கான்ஸ்டபிளும் படித்தார். 1822 அக்டோபரில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், சுமார் 50 வானங்களைக் கவனமாகத் தீட்டிவிட்டதாகச் சொல்கிறார். ஆனால் அவருக்கு வானத்தை முதலில் கற்றுக்கொடுத்தது சஃபோக் மாவட்டத்தின் ஈஸ்ட் பெர்கோல்ட் ஊரில் அப்பாவுக்கு இருந்த மாவரைக்கும் காற்றாலை என்றே நினைக்கிறேன். இளவயதில் அவர் அங்கே வேலை செய்தவர்.

பெரிய மேகங்களுக்குக் கீழே, தாழ்வாக, வேகமாக ஓடும் கிழிசல் மேகங்களை ஆலைக்காரர்களும் மாலுமிகளும் 'தூதர்கள்' என்று அழைத்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். நமக்கு மேகவிடுதூது நினைவுக்கு வரலாம். இவை கொண்டுவரும் சேதி காற்றும் மழையும். மேலேயிருந்து விழும் மழை பாதி வழியில் ஆவியாகிக் கீழ்க்காற்றை ஈரமாக்கும்போது இத்தகைய கிழிசல்கள் உருவாவதுண்டு. பெரிய மேகத்தின் நிழலில் ஓடுவதால் இவற்றின்மேல் நேர்வெயில் படாது, நீல வானத்தின் ஒளி மட்டுமே படும் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். ஓவியருக்கு அது நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் குறிப்பு. ஆலையில் நிற்கும் பையனுக்கோ, இறக்கைத் துணிகளைச் சுருட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.