பெஞ்ச்மார்க்: அளவுகோலா, உரைகல்லா?

மதர்போர்டுகளை ஒப்பிடும்போது முதலில் வரும் சொல் பெஞ்ச்மார்க். இதைக் கணினித் துறை நில அளவையாளர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. உயரம் தெரிந்த இடத்தில் கல்லிலோ சுவரிலோ கிடைமட்டமாக ஒரு வெட்டு வெட்டுவார்கள். அதில் இரும்புப் பட்டையைச் செருகினால் அளவைக்கோலை நிறுத்த ஒரு சிறு பெஞ்சு கிடைக்கும். அந்தப் பெஞ்சுக்கான குறிதான் பெஞ்ச்மார்க். இந்தப் பழைய பொருளுக்கு 'மட்டக்குறி' போதும்.

கணினிக்கு வந்தபின் சொல் சோதனையையே குறிக்கத் தொடங்கியது. தமிழில் 'அளவுகோல்' என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. அளவுகோல் ஒரு பொருளை மட்டும் வைத்தே நீளம் சொல்லிவிடும். பெஞ்ச்மார்க் எண்ணோ இன்னொன்றோடு சேராமல் எதையும் சொல்லாது. பொற்கொல்லர் ஒரே கல்லில் இரண்டு பொன்னையும் உரைத்து, கீற்றுகளைப் பார்த்து மாற்று (பொன்னின் தரம்) சொல்வாரே, அதுதான் இங்கே நடக்கிறது. ஆகவே 'உரைகல்'. குறள் 505-இல் வரும் 'கட்டளைக்கல்'லும் இதே கல்தான்.

கல் மாறினால் மாற்றும் மாறும். பிராசஸர், ரேம், கூலர், இயங்குதளம் எல்லாம் ஒன்றாக இருக்க, போர்டு மட்டுமே மாற வேண்டும். மூன்று முறையாவது ஓட்டி நடு எண்ணை எடுங்கள்.

நினைவகத்துக்கு, அதன் வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் என்ற நிரல் நல்ல உரைகல். அதில் ஒவ்வொரு அணியும் (அது கையாளும் எண் வரிசை) கடைசிநிலை கேஷைப் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு, வேகமான நினைவகம்) போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். கேஷ் 32 எம்பி என்றால் அணி 128 எம்பி. குறைந்தால் ரேமின் வேகத்துக்குப் பதில் கேஷின் வேகம் வந்து நிற்கும். டிடிஆர்4-3200 ரேமுக்கு ஒரு சேனலில் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை) உச்சவரம்பு 3200 × 8 = நொடிக்கு 25,600 எம்பி, இரண்டில் 51,200. கிடைப்பது எப்போதும் இதற்குக் கீழேதான். 25,600-ஐயே தாண்டவில்லை என்றால் ஒரு சேனல்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம்களைப் பெரும்பாலும் பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும், கையேட்டைப் பார்த்துவிடுங்கள். 34,000-ஐத் தாண்டாமல் நின்றால், பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடாமல் ரேம் 2133-இல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

நினைவகக் கட்டுப்பாட்டகம் பிராசஸருக்குள் போய்விட்டது (ஏஎம்டி 2003, இன்டெல் 2008). அதன்பின் ஒரே அமைப்பில் ஓடும் போர்டுகளுக்கிடையே பெரிய வித்தியாசம் வருவதில்லை. ஒன்று பத்து விழுக்காடு முந்தினால் அதை நம்புவதற்கு முன் பயாஸைத் திறந்து பாருங்கள். மின்வரம்பைத் தளர்த்தியிருப்பார்கள், அல்லது அடிப்படைக் கடிகாரத்தை 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றியிருப்பார்கள். போர்டின் உண்மைத் தரம் அரைமணி நேர முழுச்சுமையில்தான் தெரியும்: மின்சாரம் வழங்கும் விஆர்எம் சூடேறினால் பிராசஸர் வேகம் படிப்படியாக இறங்கும்.